மாணவரும் உடலோம்பலும்

(வடக்கனந்தலில் கூடிய நம் சங்கத்து மாணவர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மாணவர் தம் உடலையும் உள்ளத்தையும் பேணிக்கொள்ள நேரம் ஒதுக்குதல் என்பது. இதனைக் கேட்டவுடனே, “பரீட்சையில் தேறும் வழியைக் கூறாது, உண்ணவும் உறங்கவும் கற்பிக்கவோ இவர் வந்தார்?” எனச் சிலர் எண்ணக்கூடும். பரீட்சையில் தேறும் வழிகளுள் இதுவும் ஒன்று என்பதே என் துணிபு. அத்துணிபுக்குரிய காரணங்களை உங்கள் முன் வைத்து, ஏற்பதும் தள்ளுவதும் உங்கள் அறிவுக்கே விட்டுவிடுகின்றேன்.

வடக்கனந்தலிலும், இதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், கல்வராயன் மலையடிவாரத்திலும் வாழும் நம்மவர் இல்லங்களில், குடும்பத்திலேயே முதன்முதலாகக் கலாசாலைப் படியேறிய பிள்ளைகள் பலர். நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளைத்த காசு ஒரு பங்கு. தாயின் நகையை அடகு வைத்துப் பெற்ற கடன் ஒரு பங்கு. நம் சங்கத்தார் மனமுவந்து அளிக்கும் உபகாரச் சம்பளம் ஒரு பங்கு. இவ்வாறு பலருடைய வியர்வை ஒன்று திரண்டே ஒரு மாணவனைக் கலாசாலைக்கு அனுப்புகின்றது.

அங்ஙனம் அனுப்பப்பெற்ற பிள்ளையின் ஒரு நாளைப் பாருங்கள். பொழுது புலருமுன் எழுந்து, வெறு வயிற்றோடு பேருந்தைப் பிடிக்க ஓடுகின்றான். நண்பகலில் ஆறிய சோற்றை நான்கு பிடி அவசரமாய் விழுங்குகின்றான். இருட்டிய பின் வீடு திரும்பிப் புத்தகத்தோடு அமர்கின்றான். நள்ளிரவு கடந்து படுக்கின்றான். பரீட்சை நெருங்கினாலோ படுப்பதும் இல்லை. “ஏன் அப்பா உண்ணவில்லை? ஏன் அம்மா உறங்கவில்லை?” என்று வினவினால் ஒரே விடைதான் கிடைக்கின்றது: “நேரமில்லை.”

இவ்விடையின் அடியில் மற்றோர் எண்ணம் ஒளிந்திருக்கின்றது. “என் பொருட்டு வீட்டார் இவ்வளவு பாடுபடுகையில், நான் என் உடம்பைப் பேணிக்கொண்டிருப்பது தன்னலம் அன்றோ?” என்பதே அது. நன்றியறிவுள்ள நெஞ்சில்தான் இவ்வெண்ணம் தோன்றும். ஆதலின் யான் அதனை இகழேன். ஆயினும் அது பிழைபட்ட எண்ணம். ஓர் ஏர் மாடே உடைய ஏழை உழவன், அம்மாட்டிற்குத் தண்ணீர் காட்டும் நேரத்தையும் வைக்கோல் போடும் நேரத்தையும் உழவிலிருந்து திருடிய நேரமென்று கருதுவானோ? கருதான். ஓர் ஏர் மாடே உடையவன் ஆதலினாலேயே பன்மடங்கு கருத்தோடு அதனைப் பேணுவான். நம் பிள்ளைகளுக்கும் உடம்பு ஒன்றே. பலர் தந்த பொருளைக் கொண்டு கற்கும் மாணவனுக்கு அவ்வுடம்பு அவனுக்கு மட்டும் உரியதன்று. அவனை நம்பியிருக்கும் அனைவரும் அவனிடம் ஒப்படைத்த அடைக்கலப் பொருளாகும்.

இதனை விளக்க, யாவரும் அறிந்த இரு பெரியோருடைய மாணவ வாழ்க்கையை எடுத்துக்கொள்கின்றேன்.

ஈரோட்டில் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்த சீநிவாச ராமாநுஜன் கணித மேதை என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். கும்பகோணம் அரசாங்கக் கலாசாலையில் 1904ஆம் ஆண்டு உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்த அவர், கணிதம் ஒன்றிலேயே மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால் அவ்வுதவியை இழந்தார். பின்பு சென்னைப் பச்சையப்பன் கலாசாலையில் 1906ஆம் ஆண்டு சேர்ந்து, நோயுற்று ஊர் திரும்பினார், எப்.ஏ. பரீட்சையிலும் தேறவில்லை. அவரைப் பெரிதும் கைவிட்ட பாடங்களுள் ஒன்று எது தெரியுமோ? உடலியல்! எண்களின் அந்தரங்கங்களை எல்லாம் அறிந்த அப்பெருமானுக்கு, உடம்பின் கணக்கு மட்டும் அன்றும் பின்னும் கைவராது போயிற்று.

கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்னும் பேராசிரியர் அவர் திறமையை உணர்ந்து அழைக்க, 1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் சென்னையிலிருந்து கப்பலேறினார். அவர் அங்குச் சேர்ந்த சில மாதங்களிலேயே ஐரோப்பியப் பெரும்போர் மூண்டது. புலாலுண்ணாத அவர் தம் உணவைத் தாமே சமைத்துக்கொண்டார். போர்க்காலத்தில் காய்கறிகளும் பாலும் கிடைப்பது அரிதாயிற்று. மனைவி ஜானகியம்மாளும் பெற்றோரும் தாயகத்தில் இருந்தனர். ஆராய்ச்சியில் ஆழ்ந்துவிட்டால், நாளைக்கு ஒரு வேளை சமைத்து உண்பதும், சில சமயங்களில் அதுவும் தவறுவதும் உண்டு. தொடர்ந்து முப்பது மணி நேரம் வரை உழைத்துப் பின்பு இருபது மணி நேரம் வரை துயிலுவார் என்றும் அவர் சரித்திரம் எழுதியோர் கூறுவர்.

பயன் யாது? 1917ஆம் ஆண்டில் நோய் அவரைப் பற்றியது. ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், டிரினிட்டி கலாசாலையின் ஆய்வுறுப்பினராகவும் 1918ஆம் ஆண்டில் அவர் தெரிந்தெடுக்கப்பெற்ற காலத்தில், மருத்துவ விடுதிகளிலேயே நாட்களைக் கழித்துக்கொண்டிருந்தார். 1919ஆம் ஆண்டில் தாயகம் மீண்டார். 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில், 32ஆம் வயதில் உலகு நீத்தார். அந்தோ! அவ்வாண்டு ஜனவரியிலும் புதியதொரு கணிதத் துறையைப் பற்றி ஹார்டிக்குக் கடிதம் எழுதினாரென்றால், இன்னும் முப்பது ஆண்டுகள் அவர் வாழ்ந்திருப்பின் என்ன என்ன கண்டிருப்பார்!

அக்காலத்து மருத்துவர் அவர் நோயைக் காசமென்று கொண்டனர். யங் என்னும் ஆராய்ச்சியாளர் 1994ஆம் ஆண்டில், பழைய குறிப்புக்களை ஆராய்ந்து, அஃது ஈரலைப் பற்றிய அமீபா நோயாயிருத்தல் கூடுமென்றும், இளமையில் வந்த சீதபேதியின் தொடர்ச்சியாகலாமென்றும் எழுதினார். ஆகவே நோயின் காரணம் முழுவதையும் அவர் உண்ணாமையின்மேலும் உறங்காமையின்மேலும் ஏற்றுதல் நேர்மையன்று. ஆயினும், நோயோடு போராட வேண்டிய உடம்பு பட்டினியாலும் விழிப்பாலும் தளர்ந்திருந்ததென்பதை எவர் மறுப்பார்?

நிற்க. மற்றொருவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. பாரிஸ்டர் படிப்பிற்காக, 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டபோது அவருக்கு வயது 18. கடல் கடந்து செல்லுதல் ஆகாதென்று அவருடைய சாதித் தலைவர் அவரைச் சாதியினின்று விலக்கினார். ஒரு காலத்தில் கல்வியின் பொருட்டுச் சென்றவனை விலக்கிய சாதிக் கூட்டம் இருந்தது. இன்றோ, கல்வியின் பொருட்டுப் பொருள் திரட்டும் சங்கமாக நாம் கூடியிருக்கின்றோம். இம்மாறுதலை எண்ணி மகிழலாம்.

அவரும் புலாலுண்ணாதவர், மனைவியையும் குழந்தையையும் ஊரில் விட்டுச் சென்றவர், தமையனார் அனுப்பும் பொருளை நம்பி வாழ்ந்தவர். தொடக்கத்தில் ஏற்ற உணவு கிடையாமல் வாடினார். நகர வீதிகளில் தேடி அலைந்து, பாரிங்டன் வீதியில் ஒரு மரக்கறி உணவுச்சாலையைக் கண்டுபிடித்தார். வீட்டார் படும் பாட்டை நினைந்து செலவைக் குறைக்க எண்ணிய அவர், உணவைக் குறைத்துவிட்டாரோ? இல்லை. இரண்டு அறைகளை விட்டு ஓர் அறையில் குடியேறினார். ஓர் அடுப்பு வாங்கிக் காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும் தாமே காய்ச்சிக்கொண்டார். நண்பகல் உணவை வெளியில் உண்டார். இரவில் ரொட்டியும் கோகோவும் கொண்டார். ஒரு நாள் உணவுச் செலவு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸ் அளவில் அடங்கியது. வண்டிக் கூலியை மிச்சப்படுத்த நடந்தே சென்று, நாளொன்றுக்கு எட்டுப் பத்து மைல் நடந்தார். இங்கிலாந்தில் இருந்த காலமெல்லாம் பெரும்பாலும் நோயின்றி இருந்தமைக்கு இந்நடையே காரணமென்று தம் சுயசரிதையில் அவரே எழுதியுள்ளார். அதே காலத்தில் சட்டப் பரீட்சைகளோடு இலண்டன் மெட்ரிகுலேஷன் பரீட்சைக்கும் படித்து, இலத்தீனில் ஒரு முறை தவறி மறுமுறை தேறினார். 1891ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் பாரிஸ்டர் ஆனார். எளிய வாழ்க்கை தமக்கு நேரத்தையும் மிச்சப்படுத்தியது என்பதே அவர் கண்ட உண்மை.

இவ்விருவரையும் ஒப்பிட்டு ஒருவரைப் புகழ்ந்து மற்றவரை இகழ்தல் என் கருத்தன்று. ஒருவர் சென்றது அமைதிக் காலம். மற்றவர் சென்றது போர்க்காலம். நான் காட்ட விரும்புவன இரண்டு. முதலாவது: காந்தியடிகளுக்குக் கிடைத்த ஒரு நாளிலும் 24 மணி நேரமே இருந்தது. உணவுக்கும் நடைக்கும் உரிய வேளையை முதலில் வகுத்துவிட்டு, எஞ்சியதைப் படிப்பிற்குக் கொடுத்தார், படிப்புக் குறையவில்லை. இரண்டாவது: ராமாநுஜன் கணக்கைக் கவனிக்கப் பேராசிரியர்கள் இருந்தனர், அவர் உண்டாரா, உறங்கினாரா என்று நாடோறும் கேட்க அருகில் ஒருவர் இல்லை. முதலாவது மாணவர்க்குரிய பாடம். இரண்டாவது நமக்குரிய பாடம்.

இனி, மாணவர் கைக்கொள்ள வேண்டியவற்றைச் சுருங்கச் சொல்லுகின்றேன்.

முதலில் உறக்கம். விழித்திருந்து படிப்பது மிகுதியாய்க் கற்பதென்று பலர் நம்புகின்றனர். அமெரிக்காவிலுள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் இருவர் 1924ஆம் ஆண்டில் ஒரு சோதனை நிகழ்த்தினர். கலாசாலை மாணவர் இருவரைப் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்வித்து, சில வேளைகளில் உடனே உறங்கவும், சில வேளைகளில் விழித்திருக்கவும் செய்து, பின்பு எவ்வளவு நினைவில் நின்றதென்று கணக்கெடுத்தனர். உறங்கி எழுந்தபோதே மிகுதியாய் நினைவில் நின்றது. பின்வந்த ஆராய்ச்சிகளும், கற்றதை மூளை நிலைநிறுத்துவதற்கு உறக்கம் உதவுமென்பதை உறுதிப்படுத்தியுள்ளன. ஆதலின் நள்ளிரவில் விழித்துப் படிப்பவன், விதையைத் தூவிவிட்டு மண் மூடாது போகும் உழவனை ஒப்பான். 18 வயதுக்கு மேற்பட்டோர்க்கு நாளொன்றுக்கு ஏழு மணி நேரத்திற்குக் குறையாத உறக்கம் வேண்டுமென்பது மருத்துவர் துணிபு.

அடுத்தது உணவு. திருவள்ளுவர் மருந்து என்றொரு அதிகாரம் வகுத்து, அதன் பெரும்பகுதியில் அளவறிந்தும் பசியறிந்தும் உண்ணுதலையே கூறினார். நம் மாணவர் மிகுதியாய் உண்டு கெடுபவர் அல்லர்; காலையில் உண்ணாமற் கெடுபவர். பேருந்துக்கு நேரமாயிற்று என்றால், முதல் நாள் இரவே கரைத்து வைத்த கம்பங்கூழோ கேழ்வரகுக் கூழோ குடிக்க எவ்வளவு நேரம் செல்லும்? நம் மலைப்பக்கத்துச் சாமையும் தினையும், வேலியோரத்து முருங்கைக்கீரையும் நமக்குப் புதியன அல்லவே! தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு ஐம்பதின்மருக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவரென்று 2019–21ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புக் கூறுகின்றது. வகுப்பிற் சோர்ந்து கண் மூடும் பெண்ணைச் சோம்பேறி என்று கடியுமுன், அவள் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தோமா என்று கேட்டுக்கொள்ளல் வேண்டும். உணவோடு தேநீர் அருந்துதல் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் ஏறவிடாமல் தடுக்கும். நெல்லிக்கனியோ எலுமிச்சையோ அது ஏறத் துணைசெய்யும். இவை காசு கேளாத திருத்தங்கள்.

மூன்றாவது தேகாப்பியாசம். உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிப்படி, வளர்ந்தோர்க்கு வாரத்திற்கு 150 நிமிடத்திற்குக் குறையாத மிதமான உழைப்பு வேண்டும். நாளைக்கு அரைமணியாக ஐந்து நாள் விரைந்து நடந்தால் அது நிறைவேறும். கோமுகி அணைக்கரையும், வரப்பும், மலையடிவாரத்துப் பாதையும் நமக்கு இருக்கின்றன. சனி நீராடும் வழக்கத்தையும் நம் பிள்ளைகள் மறந்துவிட வேண்டுவதில்லை.

“இவற்றிற்கெல்லாம் நேரம் எங்கே?” என்பீர்கள். கணக்குப் பார்ப்போம். ஒரு வாரத்திற்கு 168 மணி நேரம். நாளைக்கு எட்டு மணி உறக்கம் என்று தாராளமாகவே வைத்தாலும் 56. ஆறு நாள் கலாசாலை, நாளைக்கு ஆறு மணியாக 36. போக்குவரத்து நாளைக்கு இரண்டு மணியாக 12. வீட்டில் படிப்பு நாளைக்கு மூன்று மணியாக 21. உணவுக்கும் நீராடலுக்கும் 14. வீட்டுவேலைக்கு 7. ஆக 146. எஞ்சுவது 22 மணி நேரம். நடைக்கு வேண்டியது இரண்டரை மணியே. அங்ஙனமாயின் மிஞ்சிய நேரம் எங்கே போயிற்று? அதனைப் பெரும்பாலும் கைப்பேசி அறியும். கைப்பேசியைப் பார்ப்பதை நாம் இளைப்பாறுதல் என்கின்றோம். பார்த்து முடித்தபின் இளைப்பு ஆறியதா, ஏறியதா என்று அவரவர் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்க. படுக்குமுன் அதனை வேறோர் அறையில் வைத்துவிடுதல் நன்று.

நான்காவது உள்ளம். உடம்பில் காய்ச்சல் வந்தால் ஊருக்கே சொல்லுகின்றோம். உள்ளத்தில் வருத்தம் வந்தால் ஒளிக்கின்றோம். மதிப்பெண் குறைந்தது, ஆங்கிலத்தில் நடத்தும் பாடம் விளங்கவில்லை, நகரத்து மாணவர் நகைத்தனர், விடுதியில் தனிமை வருத்துகின்றது என்று எத்தனையோ பிள்ளைகள் உள்ளுக்குள்ளே புழுங்குகின்றனர். தாயிடமோ, ஆசிரியரிடமோ, நண்பனிடமோ வாய்விட்டுச் சொல்லுதல் இழிவன்று. வீட்டாரிடம் சொல்ல இயலாதாயின், மத்திய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய மனநலத் தொலைபேசி எண் 14416 இருக்கின்றது. இரவும் பகலும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். இவ்வெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டாவிடினும், பக்கத்து அறையில் இருப்பவர்க்கு வேண்டியிருக்கலாம்.

இதுகாறும் மாணவரை நோக்கிக் கூறினேன். இனிக் கூறுவது பெற்றோரையும் சங்கத்தாரையும் நோக்கியது. சிறிது கடுமையாகத் தோன்றினும் பொறுத்தருள்க.

யான் இட்ட கணக்கில் வீட்டுவேலைக்கு வாரத்திற்கு 7 மணி என்றேன். அஃது ஆண்பிள்ளையின் கணக்கு. பெண்பிள்ளையின் கணக்கு யாது? விடியுமுன் எழுந்து வாசல் தெளித்து, பாத்திரம் துலக்கி, தம்பிக்குச் சோறு கட்டி, அதன்பின் தானும் கலாசாலைக்கு ஓடுகின்றாள். மாலையில் திரும்பியதும் அடுப்படி அவளுக்காகக் காத்திருக்கின்றது. நாளைக்கு மூன்று மணி என்று வைத்தாலும் வாரத்திற்கு 21 ஆகின்றது. எஞ்சிய 22இல் 14 போய் எட்டே நிற்கின்றது. அதிலும் விருந்தினர் வந்தால் ஒன்றுமில்லை. ஆகவே தன் உறக்கத்தையும் உணவையும் வெட்டியே அவள் படிக்கின்றாள். அவளிடம் சென்று, “உடம்பைப் பேணிக்கொள், நேரத்தை வகுத்துக்கொள்” என்று உபதேசம் செய்வது, குடத்தில் நீரில்லாதவளை நோக்கி நீராடு என்பதை ஒக்கும். அவளுக்கு நேரம் உண்டாக்க வேண்டியவள் அவள் அல்லள், அவள் வீட்டார். அண்ணனும் தம்பியும் தாம் உண்ட தட்டைத் தாமே கழுவினால், தம் துணியைத் தாமே துவைத்தால், தந்தையார் தண்ணீர்க் குடத்தைத் தாமே எடுத்தால், நாளைக்கு ஒரு மணி நேரமாவது அவளுக்கு மீளும். இதனால் எவருடைய மானமும் குறையாது. மகளைப் படிக்கவைக்கின்றோம் என்று பெருமை பேசும் நாம், அவள் படிப்பதற்குரிய பொழுதையும் சேர்த்தே கொடுத்தல் வேண்டும்.

பெற்றோரே! பிள்ளை வீடு திரும்பியதும் “மதிப்பெண் எத்தனை?” என்பது முதற்கேள்வியாக இருத்தல் வேண்டா. “உண்டாயா? உறங்கினாயா?” என்பது முதலாகுக. மதிப்பெண்ணை இரண்டாவதாகக் கேட்கலாம். அதற்குள் அஃது ஓடிப்போய்விடாது.

சங்கத்தாரே! உபகாரச் சம்பளம் பெறும் மாணவரிடம் ஆண்டுதோறும் மதிப்பெண் சான்றிதழ் கேட்கின்றோம். அத்தோடு அவர்கள் எங்குத் தங்குகின்றனர், என்ன உண்கின்றனர், உடல்நலம் எவ்வாறு என்றும் கேட்போமாக. சென்னை, சேலம், விழுப்புரம் முதலிய ஊர்களில் வாழும் நம் அங்கத்தினர், அவ்வூர்களில் படிக்கும் நம் பிள்ளைகளை மாதம் ஒரு முறை வீட்டிற்கு அழைத்து ஒரு வேளை சோறிட்டு, முகம் பார்த்துப் பேசுவாராயின், அது நூறு உபதேசத்திற்குச் சமானம். பணம் அனுப்புவது எளிது. முகம் பார்ப்பதே அரிது. கேம்பிரிட்ஜில் அன்று ராமாநுஜனுக்குப் பொருளுதவி இருந்தது, புகழும் இருந்தது, நாடோறும் முகம் பார்ப்பார் இல்லை.

மாணவச் செல்வங்களே! உங்களிடம் நாங்கள் எதிர்பார்ப்பது பட்டம் மட்டும் அன்று. பட்டம் பெற்ற பின்பு நாற்பது ஐம்பது ஆண்டுகள் நலத்தோடு வாழ்ந்து, உங்களுக்குப் பின்வரும் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கும் ஆண்களும் பெண்களுமாக நீங்கள் விளங்க வேண்டுமென்பதே. உண்ணும் வேளையிலும் உறங்கும் வேளையிலும், படிப்பை விட்டுவிட்டோமே என்று வருந்தாதீர்கள். அவையும் படிப்பின் பகுதிகளே. இன்றிரவு இக்கூட்டம் முடிந்து வீடு சென்றதும், புத்தகத்தைத் திறவாது வயிறார உண்டு கண்ணார உறங்குங்கள். இதுவே இச்சொற்பொழிவிற்கு நீங்கள் எனக்குத் தரும் கைம்மாறு.

எல்லாம் வல்ல இறைவன் நம் இளைஞர்க்கு நோயற்ற வாழ்வும் குறைவற்ற கல்வியும் அருள்வானாக.